கன்னமும் இரைப்பையும்: நெய்யூர் மருத்துவமனையும் உடலின் உள்ளுறைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் அமைந்த நெய்யூர், தோவாளையையும் அகஸ்தீசுவரத்தையும் மட்டுமே நாஞ்சில் நாடாகக் கொள்ளும் பழைய வரையறைக்குச் சற்று வெளியே நிற்கும் ஊராயினும், நாஞ்சில் நாட்டாரும் வேணாட்டுப் பகுதியினரும் ஒருசேர நோய் தீர்க்க நாடிச் சென்ற இடமாக ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவந்துள்ளது. அங்குள்ள மிஷன் மருத்துவமனையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைச் சமயப்பணியின் வரலாறாகவோ, எவரெஸ்ட் ஏற முயன்ற ஒரு மருத்துவரின் வீரக்கதையாகவோ எழுதியுள்ளனர். அம்மருத்துவமனைக்கு உலக மருத்துவ நூல்களில் இடம் தேடித் தந்தவை வேறு இரண்டு: ஒன்று கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் புற்று, மற்றொன்று முன்சிறுகுடலில் தோன்றும் புண். இரண்டும் உடலின் உள்ளுறையில் தோன்றுபவை; இரண்டும் தென் திருவிதாங்கூர் மக்களின் அன்றாட வழக்கங்களோடு தொடர்புடையவை என்று நெய்யூர் மருத்துவர்கள் கருதினர்; அக்கருத்துகளுள் ஒன்று முழுமையாகவும் மற்றொன்று அரைகுறையாகவும் பின்னர் மெய்யாயிற்று.

உடலின் வெளிப்பரப்பையும், உள்ளே குழாய்களாகவும் பைகளாகவும் அறைகளாகவும் உள்ளவற்றின் உட்பரப்பையும், சுரப்பிகளையும் ஆக்கும் திசுவே எபிதீலியத் திசு எனப்படுகிறது. இதன் உயிரணுக்கள் ஒன்றையொன்று நெருக்கி, இடையில் ஏறத்தாழ வேறு பொருளே இல்லாதபடி அமைந்திருக்கும். இவ்வணுக்களின் ஒரு முகம் வெளியையோ குழாயின் உள்வெளியையோ நோக்கியிருக்க, மறுமுகம் அடித்தள மென்படலம் என்னும் மெல்லிய விரிப்பின்மேல் ஊன்றியிருக்கும். இத்திசுவுக்குள் இரத்தக்குழாய்கள் இல்லை. படலத்துக்குக் கீழேயுள்ள இணைப்புத் திசுவின் குழாய்களிலிருந்து கசிந்து வருவதே இதற்கு உணவு. தேய்மானத்துக்கு உள்ளாகும் பரப்பு ஆதலால் இது ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது: குடலின் உட்பரப்பு ஒரு வாரத்துக்குள்ளும், கன்னத்தின் உட்பரப்பு ஏறத்தாழ இரண்டு வாரத்திலும், தோலின் மேற்பரப்பு ஒரு மாத அளவிலும் புதிதாகின்றன. இப்படி இடைவிடாது பிரியும் அணுக்கள் உள்ள இடத்தில் பிரிவின் ஒழுங்கு குலையும் வாய்ப்பும் மிகுதியாதலால், வளர்ந்த மனிதரிடம் தோன்றும் புற்றுகளுள் மிகப் பெரும்பாலானவை எபிதீலியத்தில் பிறப்பவையே.

இந்த அறிவு ஐரோப்பாவில் உருவான காலமும் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய காலமும் ஒன்றையொன்று ஒட்டியவை. பிரெஞ்சு மருத்துவரான பிஷா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுண்ணோக்கியின் துணையின்றியே உடலின் சவ்வுகளை வகைப்படுத்தினார். அவர் வழிவந்த பாகுபாட்டில், வாய், உணவுக்குழல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பாதை எனப் புறவெளியோடு தொடர்புள்ள வழிகளை உள்ளே போர்த்துவது கோழைச்சவ்வு. நெஞ்சறை, வயிற்றறை போன்ற மூடிய அறைகளைப் போர்த்தி, உறுப்புகள் உராயாமல் வழுக்கிச் செல்லச் சிறிதளவு நீரைச் சுரப்பது நீர்ச்சவ்வு. மூட்டுகளின் உள்ளே உள்ள மூட்டுச்சவ்வு இவற்றோடு சேர்த்து எண்ணப்படினும், அதில் உண்மையான எபிதீலியம் இல்லை என்பது பின்னர்த் தெளிந்தது. தோலையும் ஒரு சவ்வாகவே கொள்வது உடலியல் மரபு. 1838இல் ஜெர்மானிய அறிஞர் யாக்கோபு ஹென்லே நுண்ணோக்கியின் வழியே மனித உடலெங்கும் எபிதீலியம் பரவியிருக்கும் முறையை விளக்கி, தட்டைக்கல் பாவியதுபோன்ற அணுக்கள், தூண் வடிவ அணுக்கள், நுனியில் அசையும் குற்றிழைகள் கொண்ட அணுக்கள் என அதன் வகைகளை எடுத்துக்காட்டினார். அதே 1838ஆம் ஆண்டில்தான் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் நெய்யூருக்கு வந்துசேர்ந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு நிகழ்ச்சிகளும் பின்னால் ஒரே அறுவை மேசையில் சந்திக்கவிருந்தன.

ராம்சேயின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1842இல் அவர் விலகினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் லீச் 1854இல் முட்டம் கடலில் குளிக்கையில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோவின் காலத்தில்தான் பணி உறுதிபெற்றது. உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்து, அவர்களைக் கொண்டு கிளை மருந்தகங்களை நடத்தும் முறை அவர் தொடங்கியது. மிஷன் வரலாறுகளில் ஐரோப்பிய மருத்துவர் பெயர்கள் வரிசையாக நிற்க, அவர்களுக்குக் கையும் கண்ணும் நாவுமாக இருந்த இந்த உள்ளூர் மருத்துவர்கள் பெரும்பாலும் தொகையாகவே சொல்லப்படுகின்றனர் என்பது அவ்வரலாறுகளின் பெருங்குறை. அவர்கள் காலத்தில் மேலை உடலியலைத் தமிழில் எழுதும் முயற்சி கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனால் நடந்துகொண்டிருந்தது. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ என வெளிவந்த நூல்கள் உடற்கூறும் உடலியங்கலும் தமிழில் சொல்லப்படக் கூடியவை என்பதைக் காட்டின. கிரீனின் வரிசையைச் சேர்ந்த வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சேறியது நாகர்கோவிலில் ஆகும்.

நாட்டு மருத்துவ மரபு கன்னத்தின் புற்று, குடலின் புண் ஆகிய இவ்விரு நோய்களையும் அறியாததன்று. சித்த மருத்துவம் வயிற்றெரிச்சல், வலி, வாந்தி ஆகியவற்றோடு கூடிய நோய்களைக் குன்மம் என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பிரித்தது. கன்னப்புற்று என்னும் பெயரும் அவ்வழக்கில் உண்டு. ஆனால் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் என்று உடலை ஏழு தாதுக்களாகக் கண்ட அம்மரபில் உறுப்புகளைப் போர்த்தும் உறை தனியொரு தாதுவாக எண்ணப்படவில்லை.

கன்னத்தின் உட்புறத்தைப் போர்த்துவது அடுக்குத் தட்டை எபிதீலியம், அதாவது பல அடுக்காக அமைந்து, மேலே செல்லச் செல்லத் தட்டையாகும் அணுக்களால் ஆன திசு. உராய்வைத் தாங்குவதே இதன் தொழில். ஈறும் மேலண்ணமும் மெல்லும்போது நேரடியாக அடிபடுவதால் அங்கு மேலடுக்கு தோலைப்போல் கொம்புப்பொருள் ஏறிக் கெட்டியாக இருக்கும். கன்னமும் வாயின் தரையும் நெகிழ்ந்து அசைய வேண்டியவையாதலால் அவ்வளவு காப்பின்றி ஈரமாக, மென்மையாக உள்ளன. முறுக்கான், அதாவது மெல்லும் வெற்றிலைபாக்கு, ஒதுங்கும் இடம் இந்த மெல்லிய பகுதியே.

வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. திருமணப் பேச்சு முதல் இறந்தவருக்கான அடியந்திரம் வரை தாம்பூலமின்றி எதுவும் நடவாத நாட்டில், அதன் தொன்மைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரின் கமுகந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் அதற்கு வேண்டியதை வீட்டு வாசலிலேயே தந்தன. புகையிலையோ போர்த்துக்கீசியர் வழியாகப் பின்னால் வந்து அந்தப் பழைய வழக்கத்துக்குள் நுழைந்த புதுச் சரக்கு. யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலைக்குத் திருவிதாங்கூரே முதன்மையான சந்தையாக இருந்தது. சமஸ்தானம் அதன் விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டு பெரும் வருவாய் ஈட்டியது. மாதவராவ் திவானாக இருந்த காலத்தில்தான் அந்தத் தனியுரிமை நீங்கி, இறக்குமதி வரி அதன் இடத்தைப் பிடித்தது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டுமிருந்த முறுக்கானில் புகையிலை சேர்ந்தபின், மென்று துப்புவது என்ற நிலை மாறி, கவுளில் ஒதுக்கி நெடுநேரம் வைத்திருப்பதும், சிலர் உறங்கும்போதும் அப்படியே விட்டுவிடுவதும் வழக்கமாயின. பசியை மறக்கவும் உழைப்பின் சோர்வை ஆற்றவும் இது உதவியதால் வயலிலும் பனையிலும் உழைத்தவர்களிடையே, ஆண் பெண் வேறுபாடின்றி, வேரூன்றியது.

இதன் விளைவு நெய்யூர் மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் தெரிந்தது. அங்குப் பணியாற்றிய ஆர்தர் ஃபெல்ஸ், தென்னிந்தியாவின் வாய்ப்புற்று குறித்து 209 அறுவைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் அதே இதழில், டபிள்யூ. சி. பென்டல் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். அவற்றுள் பெரும்பகுதி வாயின் எபிதீலியத்தில் தோன்றியவை. ஐரோப்பிய மருத்துவர்களுக்கு இது வியப்பளித்த செய்தி. அவர்கள் நாட்டில் வாய்ப்புற்று என்பது பெரிதும் சுங்கான் பிடிக்கும் ஆண்களின் உதட்டிலும் நாவிலும் தோன்றும் நோயாக இருக்க, இங்கே அது பெண்களையும் விடாமல், கன்னத்தின் உட்புறத்தில், முறுக்கான் ஒதுங்கும் அதே குழியில் தோன்றிற்று. ஒரு வழக்கமும் ஒரு நோயும் உடலின் ஒரே இடத்தில் இவ்வளவு துல்லியமாகச் சந்திப்பது மருத்துவத்தில் அரிது. ஆய்வகமும் விலங்குச் சோதனையும் இன்றி, நோயாளியின் வாயைத் திறந்து பார்த்தும் அவருடைய பழக்கத்தைக் கேட்டும் பெற்ற, முறுக்கானே இதற்குக் காரணம் என்னும் முடிவு நெய்யூரின் தலைசிறந்த அறிவியற்பணி என்றே கொள்ளத்தக்கது. 1933இல் அங்கிருந்த இயன் ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுக்கான காரணம், நோய்க்கூறு, மருத்துவம் ஆகியவற்றை ‘லான்செட்’ இதழில் விரிவாக எழுதினார். பின்வந்த ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் கட்டுரை அது.

அந்தக் குழியில் நடப்பது என்ன என்பது பின்னர் படிப்படியாகத் தெளிந்தது. சுண்ணாம்பு எச்சிலின் காரத்தன்மையை உயர்த்துகிறது. அந்நிலையில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் அணுக்களின் மரபுப்பொருளைத் தாக்கவல்ல வினைமிகு ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. புகையிலையின் நைட்ரோசமீன்கள் அதனோடு சேர்கின்றன. பாக்கிலுள்ள அரிகோலின், எபிதீலியத்துக்குக் கீழேயுள்ள இணைப்புத் திசுவில் நார்ப்பொருளைப் பெருக்கிக் கன்னத்தை இறுகச் செய்கிறது. வாய் திறக்க முடியாதபடி இறுகும் இந்நிலை 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டறியப்பட்டு மருத்துவ நூலில் ஏறியது. எரிச்சலுக்கு ஆளான எபிதீலியம் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்து வெண்திட்டாக மாறலாம். அத்திட்டில் அணுக்கள் ஒழுங்கு குலைந்து பெருகலாம். அவை அடித்தள மென்படலத்தைத் துளைத்துக் கீழிறங்கும் கணத்திலிருந்து அது புற்று. படலத்துக்கு மேலே இரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் இல்லை, கீழே உண்டு என்னும் அமைப்பு அங்கே உயிருக்கே எல்லையாகிறது, ஏனெனில் படலத்தைக் கடந்த அணுக்கள் நிணநீர் வழியே கழுத்தின் கணுக்களை அடைய முடியும். நெய்யூருக்கு வந்தவர்களுள் பலர் இந்த எல்லையைக் கடந்து நெடுநாள் ஆனபின்பே வந்தனர். வலியில்லாத வெண்திட்டுக்காக யாரும் பல காதம் நடந்து மருத்துவமனைக்கு வருவதில்லை.

நெய்யூரின் பெயரை வெளியுலகம் அறியச் செய்தவர் தியடோர் ஹோவர்டு சாமர்வெல். முதல் உலகப்போரில் படை மருத்துவராக இருந்த இவர், 1922இல் எவரெஸ்ட் முயற்சியில் பங்கேற்றபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூருக்கு வந்தபோது, அங்கிருந்த மருத்துவர் ஸ்டீபன் பியூ தாங்கவொண்ணாத நோயாளர் கூட்டத்தோடு போராடுவதைக் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த பணியை விடுத்து இங்கேயே தங்க முடிவு செய்தார். இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்றார். அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் அவரும் உடன் சென்ற நார்ட்டனும் உயிர்வளிக் கருவியின்றி ஏறினர். சாமர்வெல் மூச்சு முட்டி நின்றுவிட, நார்ட்டன் 8,570 மீட்டர் அளவை எட்டித் திரும்பினார். கருவியின்றி அதைவிட உயரம் சென்றவர் 1978 வரை எவருமில்லை. இறங்கும் வழியில் சாமர்வெல்லின் தொண்டையை ஏதோ அடைத்து மூச்சு முற்றிலும் நின்றது. இறப்பு உறுதி என்று பனியில் அமர்ந்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்த, அடைத்திருந்தது இரத்தத்தோடு வெளியே வந்தது: உறைகுளிரில் இறந்து உரிந்த அவருடைய குரல்வளையின் கோழைச்சவ்வே அது.

உடலியல் நோக்கில் இந்நிகழ்ச்சி பாடமாகத் தக்கது. மூச்சுவழியின் உட்பரப்பு, அணுக்கள் ஒரே அடுக்காக இருந்தும் உட்கருக்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்பதால் பல அடுக்குபோல் தோன்றும் பொய்யடுக்கு எபிதீலியத்தால் ஆனது. அதன் குற்றிழைகள் தூசியைப் பிடித்த கோழையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவதும் இச்சவ்வின் வேலையே. வறண்ட, கடுங்குளிரான காற்றை நிமிடத்துக்குப் பலமுறை வாயால் வாங்கும் மலையேறியின் உடலில் அந்த வேலையைச் செய்தே சவ்வு அழிந்தது. பிறர் உடலின் உள்ளுறைகளைச் செப்பனிடுவதில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் செலவிடவிருந்த ஒருவர், தம்முடையதையே இருமித் துப்பிவிட்டு உயிர் பிழைத்தார் என்பது தற்செயலே ஆயினும் குறிக்கத்தக்கது.

நெய்யூரில் அவர் மிகுதியாகச் செய்த அறுவை முன்சிறுகுடற்புண்ணுக்கானது. இரைப்பையின் உட்பரப்பு ஒற்றையடுக்குத் தூண் எபிதீலியம். காப்பைவிடச் சுரப்பதும் உறிஞ்சுவதுமே இவ்வகைத் திசுவின் சிறப்பு. தசையையே செரிக்கவல்ல அமிலத்தை ஏந்தும் பை தன்னைத்தானே செரித்துக்கொள்ளாமல் இருப்பது, அவ்வணுக்கள் சுரக்கும் கோழையும் காரப்பொருளும் அமைக்கும் பூச்சினால் ஆகும். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் இக்காப்பு தோற்கும்போது புண் உண்டாகிறது. அது ஆறி ஆறிப் புண்ணாகித் தழும்பேறினால் வழி அடைபட்டு உண்டதெல்லாம் வாந்தியாகும். ஓட்டையாகிவிட்டால் உணவும் அமிலமும் வயிற்றறையின் நீர்ச்சவ்வில் கொட்டி, சில நாள்களில் உயிரைக் கொள்ளும். வழி அடைபட்டவர்களுக்கு இரைப்பையை நேரே இடைச்சிறுகுடலோடு இணைக்கும் அறுவையே அன்று கைகண்ட முறை. அமிலச் சுரப்பைக் குறைக்க இரைப்பையை வெட்டியெடுக்காமல் அதன் இரத்தக்குழாய்களைக் கட்டிவிடும் முறையொன்றையும் சாமர்வெல் கையாண்டு, 1945இல் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். 1948இல் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றிய நூலும் வெளியிட்டார்.

இந்நோய் இங்கு ஏன் இவ்வளவு மிகுதி என்னும் கேள்விக்கு அக்காலத்தார் கண்ட விடை உணவு. 1880களின் தொடக்கத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு மாற்றாக ஊக்குவித்த மரச்சீனிக் கிழங்கு, தென் திருவிதாங்கூர் ஏழைகளின் முதன்மை உணவாகியிருந்தது. கிழங்கும், சிறிது மீனும், மிகுந்த மிளகாயும் என்ற அவ்வுணவில் புரதமும் உயிர்ச்சத்தும் குறைவு. குன்னூரில் உணவாராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுள் கால்பங்குக்கு மேற்பட்டவை இரைப்பைப் புண் கண்டன. அத்தோடு வழக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையின் கோழைப் பூச்சுக்குள் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதுவே இப்புண்களுக்குப் பெருங்காரணம் என்று நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அறுவைக்கு மாற்றாக இரண்டு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து என்றாயிற்று. அதற்காக நெய்யூரார் கருத்தை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. அரிசி உண்ணும் தெற்கில் இப்புண் மிகுந்தும் கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைந்தும் இருப்பதை ஃபிராங்க் டோவி என்னும் மருத்துவர் 1979இல் எடுத்துக்காட்டினார். நுண்ணுயிரோ இந்தியாவெங்கும் பரவலாக உள்ளது. நுண்ணுயிர் மட்டுமே காரணமாயின் இந்த வேறுபாடு இராது. எலிகளை நம்பியவர்கள் பாதி விடையைப் பிடித்திருந்தனர் என்பதே நேர்மையான தீர்ப்பு.

கன்னப்புற்றைப் பொறுத்தவரை தாமதம் அறியாமையால் நேர்ந்ததன்று. 1908இல் நெய்யூரிலிருந்து அச்சேறிய உண்மையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த முறுக்கான் அளவில் 1985இலும், புகையிலை சேராத முறுக்கானும் பாக்கும்கூடப் புற்று உண்டாக்குபவையே என்று 2004இலும் முறையாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் 1956இல் கல்குளமும் விளவங்கோடும் நாஞ்சில் நாட்டோடு சேர்ந்து தமிழகத்துக்கு வந்தன. முறுக்கான் கடைகள் வெற்றிலையோடு பொட்டலப் பாக்கையும் விற்கத் தொடங்கின. தமிழக அரசு 2013இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. வெறும் பாக்கு தடைக்குள் வரவில்லை.

நோய் முற்றுமுன் கண்டுபிடிக்கும் வழியும் இப்பகுதிக்கு அண்மையிலேயே சோதித்து அறியப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 1,92,000 பேரை உட்படுத்தி நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என 2005இல் வெளியாயிற்று. கருவி எதுவும் வேண்டாத இச்சோதனையை எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் செய்ய முடியும். முறுக்கான் பழக்கமுள்ளவர், வாயில் வெண்திட்டோ செந்திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வாய் திறப்பதில் இறுக்கமோ கண்டால், வலி வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.